'பில்டு வேஸ்ட்' என்று முடிவு கட்டும் முன்: பாத் ஆஃப் எக்ஸைல் கேரக்டர் பழுதுபார்ப்பு

பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கணினி விளையாட்டை ஆடும் எங்கள் செட்டில் எனக்கு ஒரு வேலை ஒட்டிக்கொண்டது. புது லீக் (எல்லாரும் புதிதாக ஆடத் தொடங்கும் சீசன்) தொடங்கி ஒரு வாரம் ஆனதும், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பிக்கும். "அண்ணே, பில்டு வேஸ்ட்ணே. ட்ரீ முழுக்க மாத்திரவா?" கேட்கிற ஆள் மாறுவான், கேள்வி மாறாது. (பில்டு என்றால் கேரக்டரின் மொத்த அமைப்பு, ட்ரீ என்றால் ஸ்கில் புள்ளிகளைப் போடும் மரம்.) நான் திறந்து பார்த்த கேரக்டர்களில் பாதிக்கு மேல் ட்ரீயில் ஒன்றுமே இல்லை. கோளாறு ஒரு மோதிரத்தில் இருக்கும், பழைய ஃபிளாஸ்க்கில் இருக்கும், பிளஸ் குறியை அழுத்த மறந்த ஜெம்மில் (ஸ்கில்லைத் தரும் கல்) இருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் கை வைப்பது ட்ரீயில்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அதுதானே.

அதனால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை: காசில்லாமல் சரியாவது முதலில், ட்ரீயைத் தொடுவது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், முழுதும் படிக்க வேண்டியதில்லை. இது முதல் பாகத்துக்கு எழுதியது. 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வந்த இரண்டாம் பாகத்துக்கு ஜெம் கணக்கே வேறு, இதை வைத்து அதைப் பார்க்காதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் 3 நிமிடம்

கீபோர்டில் சி அழுத்தினால் கேரக்டர் பலகை திறக்கும். நெருப்பு, குளிர், மின்னல், கேயாஸ் என நான்கு ரெசிஸ்டன்ஸையும் (அந்த வகைச் சேதத்தில் எத்தனை சதவீதம் தடுக்கப்படும் என்ற எண்) ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே லைஃப் எண்ணையும். "ஏறக்குறைய ஓகேதாண்ணே" என்று வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை, எழுதச் சொல்வேன்.

அடுத்து சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு 'பாஸிவ்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். எந்தக் குவெஸ்டிலிருந்து எத்தனை ஸ்கில் புள்ளி வந்திருக்கிறது என்று பட்டியல் வரும். அவசரமாகக் கதையை ஓட்டியவர்கள் நாலைந்து புள்ளியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம், செலவு நேரம் மட்டும்தான்.

மூன்றாவது, அசென்டன்ஸி, அதாவது உங்கள் வகுப்புக்குள் எடுக்கும் சிறப்புப் பிரிவு. அதற்கான சோதனைக் களமான லாபிரிந்த் மொத்தம் நான்கு, ஒவ்வொன்றிலும் 2 புள்ளி, ஆக 8. உங்கள் லெவலுக்கு எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா? லாபிரிந்தின் பொறிகள் பிடிக்காமல் தள்ளிப்போட்டுவிட்டு, 'டேமேஜ் வரல' என்று வந்தவர்கள் ஏராளம். அந்த 2 புள்ளி பல நேரம் ட்ரீயின் 15 புள்ளிக்குச் சமம்.

## அறிகுறி 1: "சட்டுன்னு செத்துர்றேன், என்ன அடிச்சதுன்னே தெரியல"

நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எப்போதிலிருந்து? பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

### ஆக்ட் 5 அல்லது ஆக்ட் 10 முடித்த பிறகு என்றால்

மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம், ரெசிஸ்டன்ஸ்தான். ஆக்ட் 5 (கதையின் ஐந்தாம் பாகம்) இறுதியில் கிட்டாவா என்ற பாஸைக் கொன்றதும் எல்லா ரெசிஸ்டன்ஸிலும் 30 போய்விடும். ஆக்ட் 10-இல் மறுபடி கொன்றதும் இன்னொரு 30. மொத்தம் 60. ஆட்டம் இதைச் சொல்லத்தான் செய்கிறது, ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் படிப்பதில்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரெசிஸ்டன்ஸின் உச்சம் 75. அந்த உச்சத்தில் இருப்பவருக்கு 1000 நெருப்பு அடி வந்தால் 250 மட்டும் உள்ளே வரும். 30 போய் 45-இல் நிற்பவருக்கு அதே அடி 550. இரண்டு கிட்டாவாவையும் முடித்து 15-இல் நிற்பவருக்கு 850. கேரக்டர் அதேதான், ட்ரீ அதேதான், அடி மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இதை 'பில்டு படுத்துருச்சு' என்று சொல்கிறோம்.

சரிசெய்யும் வரிசை:

இரும்பு மோதிரம் ஒன்றும் எந்த ஜெம்மானாலும் ஒன்றும் கடைக்காரரிடம் விற்கக் கொடுங்கள். சிவப்பு ஜெம் வைத்தால் நெருப்புக்கான ரூபி மோதிரம், பச்சை வைத்தால் குளிருக்கான சஃபையர், நீலம் வைத்தால் மின்னலுக்கான டோபாஸ் மோதிரம் பதிலுக்கு வரும். ஒவ்வொன்றும் அடிப்படையிலேயே 20 முதல் 30 வரை தரும். ஏறக்குறைய இலவசம். இது தெரியாமல் மோதிரத்துக்குக் கடை கடையாக அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அது போதாவிட்டால் கிராஃப்டிங் பெஞ்ச், பொருளில் நாமே ஒரு வரி சேர்க்கும் மேஜை. பொருளின் வரிகள் பிரிஃபிக்ஸ், சஃபிக்ஸ் என இரண்டு வகை, ரெசிஸ்டன்ஸ் என்பது சஃபிக்ஸ் பக்கம் உட்காரும். ரேர் (மஞ்சள் பெயர் உள்ள) பொருளில் சஃபிக்ஸுக்கு 3 இடம். பெல்ட், பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் எடுத்து, எதில் சஃபிக்ஸ் காலியாக இருக்கிறதோ அதில் குறைகிற ரெசிஸ்டன்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேல் என்றால்தான் டிரேட், அதாவது மற்ற ஆட்டக்காரர்களிடம் வாங்குவது. வாங்கும்போது ஒரு பொருளை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றைக் கழற்றினால் இன்னொரு ரெசிஸ்டன்ஸ் விழும், அதைத் தூக்க வேறொன்று மாற்ற வேண்டிவரும். வேட்டியை இழுத்து தலையை மூடினால் கால் தெரிகிற கதை. இங்கேதான் பாத் ஆஃப் பில்டிங் என்ற இலவச மென்பொருள் உதவும். கேரக்டரை அதில் இறக்கி, வாங்கப் போகும் பொருளை அங்கே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

### ஆரம்பத்திலிருந்தே சாகிறேன் என்றால்

ஃபிளாஸ்க் பெல்ட்டைத் திறங்கள், சண்டையில் குடிக்கும் குப்பிகள் இருக்கும் இடம். ஆக்ட் 3-இல் வாங்கிய லைஃப் ஃபிளாஸ்க்கோடு மேப்புக்குள் (கதை முடிந்த பிறகு ஆடும் களங்கள்) நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். லெவலுக்கு ஏற்ற ஃபிளாஸ்க் கடையிலேயே கிடைக்கும். ஐந்தில் ஒன்று ரத்தப்போக்கை நிறுத்த வேண்டும், ஒன்று உறைவதிலிருந்து விடுவிக்க வேண்டும். இந்த இரண்டு சஃபிக்ஸும் இல்லாத பெல்ட் எனக்குப் பாதி பெல்ட்தான்.

பிறகு லைஃப். நகை, உடை ஒவ்வொன்றிலும் லைஃப் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது பிரிஃபிக்ஸ், ரெசிஸ்டன்ஸோடு இடத்துக்குச் சண்டை போடாது. எட்டு உருப்படியில் (ஆர்மர், ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், பெல்ட், இரண்டு மோதிரம், அமுலெட்) ஐந்திலாவது இல்லையென்றால் ட்ரீயைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. டபுலா ராஸா போட்டிருக்கிறீர்களா? ஆறு லிங்க் (ஆறு ஜெம்மையும் ஒன்றாக இணைப்பது) தருகிற அந்த வெள்ளை அங்கி லெவல் ஏற்றும்போது சொர்க்கம். ஆனால் அதில் லைஃபும் கிடையாது, ரெசிஸ்டன்ஸும் கிடையாது. மேப்புக்குள் அதோடு போவது பனியனோடு கிரிக்கெட் பேட்டிங் இறங்குவது மாதிரி.

### அடி விழவில்லை, லைஃப் தானாக வடிகிறது என்றால்

கும்பலைக் கொன்ற பிறகு வடிந்தால் ரத்தப்போக்கு, ஃபிளாஸ்க் போதும். ரத்தம் வடியும்போது ஓடினால் சேதம் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள், எல்லாரும் செய்வது அதைத்தான். பச்சைத் தரையில் நிற்கும்போது வடிந்தால் கேயாஸ் சேதம். மேப் தொடங்கும் கட்டத்தில் கேயாஸ் ரெசிஸ்டன்ஸ் சைபருக்குக் கீழே இருப்பது சகஜம். ஒரு அமெதிஸ்ட் மோதிரம் வைத்துத் தூக்கிவிடலாம்.

### உறைந்து அல்லது ஸ்டன் ஆகி நின்று சாகிறேன் என்றால்

பாந்தியன் திரையைத் திறங்கள். கதையில் கொன்ற தெய்வங்களின் சக்தியை அங்கே நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக வராது. பிரைன் கிங் என்ற தெய்வத்தைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். செலவு பூஜ்யம். பத்தில் ஏழு பேர் அந்தத் திரையைத் திறந்ததே இல்லை என்று நான் பந்தயம் கட்டுவேன்.

### இவை எல்லாம் சரி, இன்னும் சாகிறேன் என்றால்

இப்போதுதான் தற்காப்பின் வகை. கொஞ்சம் ஆர்மர் (அடியைக் குறைப்பது), கொஞ்சம் இவேஷன் (அடி படாமல் தவிர்ப்பது), கொஞ்சம் எனர்ஜி ஷீல்டு (லைஃபுக்கு மேல் ஒரு கவசம்) என்று மூன்றிலும் கால் வைத்திருக்கிறீர்களா? ஒன்றை முழுதாக எடுங்கள். ஆர்மர் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சின்ன அடிகளுக்குத்தான் அது கோட்டை. 5000 ஆர்மர் வைத்திருந்தால் 1000 அடியில் பாதியைத் தடுக்கும், 5000 அடியில் ஆறில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். பாஸ் ஓங்கி விடும் அடியை ஆர்மரை நம்பி வாங்க நின்றால் தரையில்தான் கிடப்பீர்கள். இவேஷன் பக்கம் இருப்பவர்கள் ஸ்பெல் சப்ரெஷனை (மந்திர அடியைத் தணிக்கும் வாய்ப்பு) 100-க்குக் கொண்டுவராமல் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ட்ரீ. கீபோர்டில் P அழுத்தி, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'மாக்ஸிமம் லைஃப்' என்று போட்டால் லைஃப் நோடுகள் (ட்ரீயில் புள்ளி போடும் இடங்கள்) மினுங்கும். எடுத்தவற்றைக் கூட்டுங்கள். லைஃபை நம்பி நிற்கும் கேரக்டருக்கு 100 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஆமாம், கோளாறு ட்ரீயில்தான். என் முதல் கேரக்டர் மராடர் வகுப்பு. லெவல் 71 வரை டேமேஜ் நோடு எங்கே இருந்தாலும் ஓடி ஓடி எடுத்தேன், லைஃப் நோடு ஒன்றுகூட இல்லை. போட்ட புள்ளியைத் திரும்பத் தரும் ஆர்ப் ஆஃப் ரெக்ரெட் நாற்பது சேர்க்க ஒரு மாதம் ஆனது.

## அறிகுறி 2: "அடிச்சுக்கிட்டே இருக்கேன், சாக மாட்டேங்குது"

### ஓசியில் முடிகிற சோதனைகள்

திரையின் வலது ஓரத்தில் ஜெம்களுக்குப் பக்கத்தில் பிளஸ் குறி நிற்கிறதா? ஜெம் தானாக லெவல் ஏறாது, அழுத்தினால்தான் ஏறும். சண்டை மும்முரத்தில் தவறுதலாக மறைத்துவிட்டு மறந்திருப்பார்கள். மறைத்த ஜெம்மை இன்வென்டரியில் நேராகப் போய் ஏற்றலாம்.

லிங்க்: ஒரே உடையில் இருந்தால் போதாது, சாக்கெட்டுகளுக்கு (ஜெம் பொருத்தும் குழிகள்) நடுவே கோடு இருக்க வேண்டும். கோடு இருந்தும் சப்போர்ட் (ஸ்கில்லை மாற்றும் துணை ஜெம்) வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் அந்த ஸ்கில்லின் வகைக்கு அது பொருந்தவில்லை. சோதிக்கச் சுலபமான வழி, சி பலகையில் ஸ்கில்லின் டேமேஜ் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு சப்போர்ட்டாகக் கழற்றுவது. எண் அசையாத சப்போர்ட் சந்தேகக் கேஸ். (மினியன், அம்பு எண்ணிக்கை கூட்டுகிற சப்போர்ட் போன்றவற்றை அந்தப் பலகை சரியாகக் காட்டாது. அவற்றைக் கண்ணால் பாருங்கள்.)

### ஸ்கில்லின் வகை என்ன?

ஜெம் மேல் மவுஸை வைத்தால் பெயருக்குக் கீழே முதல் வரியில் அட்டாக் (ஆயுத அடி), ஸ்பெல் (மந்திரம்), மினியன் (உங்களுக்காகச் சண்டை போடும் படை) என்று டேக் வரும். இந்த ஒரு வரியைப் படிக்காததால் வீணான கரன்சிக்கு (ஆட்டத்துக்குள் காசாகப் புழங்கும் ஆர்ப்கள்) அளவே இல்லை.

அட்டாக் என்றால் ஆயுதம். கையில் இருக்கும் வாள் எந்த லெவலில் கிடைத்தது? பதினைந்து லெவல் பழையது என்றால் வேறு எதையும் பார்க்காமல் முதலில் அதை மாற்றுங்கள். அடுத்தது அக்யூரசி, அதாவது உங்கள் அடி குறி தவறாமல் விழும் வாய்ப்பு. சி பலகையிலேயே தெரியும். 85-க்குக் கீழே என்றால் நூற்றில் பதினைந்துக்கு மேற்பட்ட அடி காற்றில் போகிறது. மோதிரத்திலும் கையுறையிலும் அக்யூரசி கிடைக்கும், பிரிசிஷன் ஆரா உதவும் (ஆரா என்பது ஸ்கில்லுக்குச் செலவாகும் மானாவில் ஒரு பங்கைப் பூட்டிவைத்து எப்போதும் ஓடும் சக்தி). கிரிட்டிகலை (அவ்வப்போது கூடுதல் வலுவோடு விழும் அடி) நம்பாத கேரக்டர் என்றால் ட்ரீயில் ரெஸல்யூட் டெக்னிக் எடுத்துவிடுங்கள். அடி ஒருபோதும் தவறாது, பதிலுக்குக் கிரிட் விழாது. கிரிட் பில்டில் அதை எடுத்துவிட்டு 'கிரிட் வரலியே' என்று என்னிடம் கேட்டவரும் உண்டு.

ஸ்பெல் என்றால் ஆயுதத்தின் அடி எண் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஜெம் லெவல்தான் உயிர். ஸ்பெல் ஜெம்களின் லெவலைக் கூட்டும் வாண்ட் தேடுங்கள்.

மினியன் என்றால் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏமாறுவது இங்கேதான் அதிகம். போன வருடம் ஒரு தம்பி, விட்ச் வகுப்பு எடுத்து ஸோம்பி ஆடிக்கொண்டிருந்தான். கையில் ஸெப்டர், அதில் பெரிய ஸ்பெல் டேமேஜ் வரி. ஷீல்டிலும் அதேதான். ட்ரீயில் விட்ச் ஆரம்ப இடத்தைச் சுற்றி இருக்கும் ஸ்பெல் டேமேஜ் நோடுகளையும் சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தான். "ஸோம்பியை வரவழைக்கிறதே ஸ்பெல்தானேண்ணா?" என்றான். நியாயமான கேள்வி. வரவழைப்பது ஸ்பெல்தான், கடிப்பது ஸோம்பி. உங்கள் மேல் எழுதியிருக்கும் டேமேஜ் உங்களுக்கு மட்டும். 'மினியன்ஸ்' என்று தொடங்கும் வரி மட்டும்தான் ஸோம்பிக்குப் போகும். அவன் ட்ரீயில் எட்டு நோடை மாற்றி, மினியன் ஜெம் லெவல் கூட்டும் ஒரு ஹெல்மெட் வாங்கினோம். அன்று ராத்திரியே ஆக்ட் 10 முடித்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் கொடுக்கும் ஸ்கில்கள் இன்னொரு பொறி. டாக்ஸிக் ரெய்ன் வில்லில் எய்வது, டேக்கும் அட்டாக் என்றே இருக்கும். பார்த்தவுடன் பெரிய பிஸிக்கல் எண் கொண்ட வில்லை வாங்கத் தோன்றும். ஆனால் அம்பு விழுந்த இடத்தில் முளைக்கும் காய்கள் கொடுக்கும் கேயாஸ் சேதம் ஜெம்மிலிருந்து வருகிறது, வில்லிலிருந்து வருவதில்லை. ஜெம் லெவல் கூட்டும் வில், வேகமாக எய்யும் வில், கேயாஸ் சேத மல்டிப்ளையர் உள்ள வில், இவைதான் வேண்டும். அப்படிப்பட்ட வில் லீக் தொடக்கத்தில் பிஸிக்கல் வில்லைவிட மலிவாகவே கிடைக்கும்.

### வகை சரி, ஆனாலும் குறைவு என்றால்

ஆரா ஏதாவது ஓடுகிறதா? மானா நிறைய சும்மா இருந்தால் அங்கே டேமேஜ் தூங்குகிறது. பிறகு வரிகளின் சொல்லைப் பாருங்கள். 'இன்கிரீஸ்டு' என்று வருவதெல்லாம் ஒன்றோடொன்று கூடும். 'மோர்' என்று வருவது ஒவ்வொன்றும் தனியாகப் பெருக்கும். ஏற்கனவே 300 சதவீதம் இன்கிரீஸ்டு வைத்திருப்பவர் இன்னொரு 20-க்காக ட்ரீயில் மூன்று புள்ளி நடப்பது வீண், அது உண்மையில் 5 சதவீதம்தான். அந்த மூன்று புள்ளியை லைஃபில் போடுங்கள்.

## அறிகுறி 3: "கும்பல் பறக்குது, பாஸ் மட்டும் அசைய மாட்டேங்குது"

கோளாறு என்று சொல்ல முடியாது, ஸ்கில் அமைப்பு கும்பலுக்கு ஏற்றதாக இருக்கிறது, அவ்வளவுதான். பரப்பைக் கூட்டும் சப்போர்ட்டைக் கழற்றிவிட்டு பரப்பைச் சுருக்கி அடியைக் கூட்டும் கான்சன்ட்ரேட்டட் எஃபெக்ட் போடுங்கள். அம்பு எண்ணிக்கை கூட்டும் சப்போர்ட் ஒவ்வொரு அம்பின் வலுவையும் குறைக்கிறது, பாஸ் அறை வாசலில் அதையும் மாற்றுங்கள். மாற்று ஜெம்மை இன்வென்டரி ஓரத்தில் வைத்துக்கொண்டால் போதும், ஐந்து வினாடி வேலை. பாஸுக்கென்றே ஒரு டோட்டமோ (நட்டு வைத்தால் தானே ஸ்கில் செய்யும் கம்பம்) சாபமோ தனியாக நாலு லிங்க்கில் வைப்பது அடுத்த படி. ஆறாவது லிங்க் கடைசிப் படி. பெஞ்ச்சில் உறுதியாக ஆறு லிங்க் செய்ய 1500 ஆர்ப் ஆஃப் ஃபியூசிங் கேட்கும். ஏற்கனவே ஆறு லிங்க் உள்ள ஆர்மரை டிரேடில் வாங்குவது பெரும்பாலும் அதைவிட லாபம்.

## அறிகுறி 4: "நாலு அடி அடிச்சா மானா காலி"

ஆராக்கள் மானாவைப் பூட்டி வைத்திருக்கின்றன. ஒன்றை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சரியானால் ஒரு ஆராவைத் தியாகம் செய்வதா, வேறு வழி தேடுவதா என்பது உங்கள் இஷ்டம். மானா ஃபிளாஸ்க் ஒன்று வைப்பது அவமானம் இல்லை. அட்டாக் ஆட்களுக்கு மானா லீச் (அடிக்கும்போது மானாவை உறிஞ்சுவது) சிறிதளவு இருந்தாலே ஓடிவிடும். மோதிரத்தில் ஸ்கில்லின் மானா செலவைக் குறைக்கும் கிராஃப்ட் போடலாம். இன்ஸ்பிரேஷன் சப்போர்ட் செலவைக் குறைக்கும். லைஃப்டாப் சப்போர்ட் மானாவுக்குப் பதில் லைஃபை எடுக்கும், அறிகுறி 1 இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

## அறிகுறி 5: "ஸ்கில் ஐகான் சிவப்பாயிருச்சு, அழுத்தினா ஒண்ணும் ஆகல"

இரண்டே காரணம். ஒன்று, அந்த ஸ்கில்லுக்கு உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் ஆகாது, ஜெம்மில் எழுதியிருக்கும். இரண்டு, ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டரிடி, இன்டெலிஜென்ஸ் மூன்றில் ஒன்று குறைந்துவிட்டது. புது மோதிரம் மாட்டிய உடனே நடந்தால் பழைய மோதிரத்தில்தான் அந்த எண் இருந்திருக்கிறது. தீர்வு அமுலெட். ஸ்ட்ரெங்துக்கு ஆம்பர், டெக்ஸ்டரிடிக்கு ஜேடு, இன்டெலிஜென்ஸுக்கு லாபிஸ். ஒவ்வொன்றும் அடிப்படையில் 20 முதல் 30. அதுவும் போதாவிட்டால் ட்ரீயில் 30 தரும் நோடு ஒன்று. ஜெம்மை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள் என்றால், ஜெம்மையும் ஒரு ஆர்ப் ஆஃப் ஸ்கவரிங்கையும் கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு லெவல் இறக்கித் தருவார்.

## அறிகுறி 6: "லெவல் ஏறவே மாட்டேங்குது"

சாகிறீர்கள், அதனால் ஏறவில்லை. மேப்பில் ஒரு சாவுக்கு அந்த லெவலுக்குத் தேவையான அனுபவத்தில் 10 சதவீதம் போகும். லெவல் கீழே இறங்காது, ஆனால் பட்டை பின்னால் போகும். அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். சாகவில்லை, ஆனாலும் ஏறவில்லை என்றால் இடம் தவறு. லெவல் 64 என்றால் உங்களுக்கும் ஏரியாவுக்கும் 7 லெவல் வித்தியாசம் வரைக்கும்தான் முழு அனுபவம், அதற்கு மேல் வெட்டிக்கொண்டே போகும். பழைய ஏரியாவில் உட்கார்ந்து அரைப்பதில் பயனில்லை.

## அறிகுறி 7: "கைடு பார்த்து அப்படியே செஞ்சேன், அவருக்கு ஓடுது எனக்கு ஓடல"

இது எனக்குப் பிடித்த கேஸ், ஏனென்றால் பிழை எங்கே என்று கேட்டால் எல்லாரும் தங்களைத்தான் காட்டுவார்கள். பாவம், பல நேரம் அவர்கள் தப்பே செய்திருக்க மாட்டார்கள்.

முதலில் கைடின் பதிப்பு எண். சில மாதங்களுக்கு ஒரு லீக் வருகிறது, ஒவ்வொன்றிலும் ஸ்கில்களின் எண்கள் மாறுகின்றன. இரண்டு லீக் பழைய கைடு என்றால் அதை வரலாற்றுப் புத்தகமாக மட்டும் படியுங்கள்.

இரண்டாவது, எந்தக் கட்டத்தின் படத்தைப் பார்த்தீர்கள்? லெவல் 95 ட்ரீயைப் பார்த்துக்கொண்டு லெவல் 40-இல் நேர்கோட்டில் ஓடினால் வழியில் லைஃபே இருக்காது. நல்ல கைடில் லெவல் வாரியாகத் தனி ட்ரீ இருக்கும். இல்லாவிட்டால் வேறு கைடு தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட யூனிக் பொருள் இல்லாமல் அந்த பில்டு ஓடுமா என்றும் பாருங்கள். ஓடாது என்றால் அது கையில் வரும் வரை வேறு ஸ்கில்லில் லெவல் ஏற்றுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. கைடில் பெருமையாகப் போட்டிருக்கும் டேமேஜ் எண்ணை நம்பாதீர்கள். அவர் கொடுத்த பாத் ஆஃப் பில்டிங் கோப்பை இறக்கி, கான்ஃபிகரேஷன் பக்கத்தைத் திறங்கள். எதிரிக்கு உச்சபட்ச ஷாக் (கூடுதல் சேதம் வாங்கும் நிலை) என்று டிக் போட்டிருக்கும். எல்லா சார்ஜும் (சண்டையில் சேரும் தற்காலிக ஊக்கம்) நிறைந்திருப்பதாக டிக். ஃபிளாஸ்க் ஐந்தும் எப்போதும் ஓடுவதாக டிக். 'எதிரி பாஸா' என்ற இடத்தில் இல்லை என்று இருக்கும். ஒவ்வொரு டிக்காக எடுத்துக்கொண்டே வாருங்கள், எண் ஐஸ் மாதிரி கரைவதைப் பார்க்கலாம். ஒருமுறை நானும் ஒரு நண்பனும் இப்படி எடுத்ததில் எண் ஐந்தில் ஒன்றானது. மிச்சம் இருந்தது நண்பனின் கேரக்டர் கொடுத்த அதே எண்தான். அவன் கேரக்டரில் பழுதே இல்லை.

## அறிகுறி 8: "அடிச்ச பிறகு அரை செகண்ட் கழிச்சு விழுது"

பில்டு அல்ல, நெட். எஃப் 1 அழுத்தினால் தாமத வரைபடம் வரும். கோடு சமமாக ஆனால் உயரமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் சர்வரை லாகின் திரையில் தேர்ந்தெடுங்கள். ஊசி ஊசியாகக் குதித்தால் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள். அமைப்புகளில் நெட்வொர்க் முறை லாக்ஸ்டெப் என்று இருந்தால் பிரெடிக்டிவ் ஆக்கிப் பாருங்கள். தாமதம் அதிகமுள்ள இணைப்புக்கு அது பரவாயில்லை, சில நேரம் கேரக்டர் இடம் மாறித் தெரியும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

## ட்ரீயை மாற்றுவதா, புதிதாகத் தொடங்குவதா?

மேலே உள்ளதெல்லாம் பார்த்தாகிவிட்டது, கோளாறு ட்ரீயில்தான் என்று உறுதியாகிவிட்டது என்றால் எத்தனை புள்ளி மாற்ற வேண்டும் என்று பாத் ஆஃப் பில்டிங்கில் எண்ணுங்கள். கதைக் குவெஸ்ட்கள் தரும் இலவசத் திருப்பப் புள்ளிகளை முதலில் செலவழியுங்கள். அதன் பிறகு ஒரு புள்ளிக்கு ஒரு ஆர்ப் ஆஃப் ரெக்ரெட். 2024 ஜூலையில் வந்த 3.25-இல் தங்கம் கொடுத்துத் திரும்பப் பெறும் வழியும் வந்தது, அது சின்னத் திருத்தங்களை வெகுவாக லேசாக்கிவிட்டது. அசென்டன்ஸி புள்ளி விலை அதிகம், ஒன்றுக்கு ஐந்து.

என் வரையறை இது: 20 புள்ளி வரை யோசிக்காமல் மாற்றுங்கள். 20 முதல் 40 வரை, உங்களிடம் இருக்கும் உடையும் ஆயுதமும் புது ஸ்கில்லுக்கும் பொருந்தினால் மட்டும் மாற்றுங்கள். 40-ஐத் தாண்டினால் புதுக் கேரக்டர். வகுப்பே தப்பு என்றால் கேள்வியே இல்லை, மராடரை விட்ச் ஆக்க எந்த ஆர்ப்பும் கிடையாது. இரண்டாவது கேரக்டருக்குக் கதை பாதி நேரத்தில் முடியும், பயப்படாதீர்கள்.

## தெரிந்தவரிடம் கொண்டுபோகும் கட்டம்

ரெசிஸ்டன்ஸ் மூன்றும் 75, ஃபிளாஸ்க் சரி, ஜெம் எல்லாம் லெவலில் இருக்கிறது, ஆயுதம் புதிது, அசென்டன்ஸி முழுசாக இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மஞ்சள் (நடுத்தர நிலை) மேப்பில் திணறினால் அது நீங்களாகக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எளிய கோளாறு இல்லை. அந்த ஸ்கில்லைப் பல லீக் ஆடியவர் ஒருவரைப் பிடியுங்கள். என்னை மாதிரி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவன் போதாது. ஆறாவது லிங்க், விலை உயர்ந்த யூனிக், கிளஸ்டர் ஜுவெல் (ட்ரீயில் பொருத்தும் கல்) என்று டிவைன் ஆர்ப் (விலை உயர்ந்த கரன்சி) கணக்கில் செலவு செய்யும் முன்பும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போகும்போது ஸ்கிரீன்ஷாட் கொண்டுபோகாதீர்கள். போனில் எடுத்த மானிட்டர் படம் வேண்டவே வேண்டாம். பாத் ஆஃப் பில்டிங் கோப்பு கொடுங்கள். கேரக்டரை அதில் இறக்க முடியவில்லை என்றால் உங்கள் புரொஃபைல் பிரைவேட்டாக இருக்கும், அதை மாற்றுங்கள். கூடவே மூன்று விவரம்: எந்த மேப்பில், எது அடித்து, எத்தனை லைஃப் இருந்தபோது செத்தீர்கள். "சும்மா சாகுது" என்று சொன்னால் அவரும் சும்மா ஒரு பதில்தான் சொல்வார்.

ரூபாய் வாங்கிக்கொண்டு லெவல் ஏற்றித் தருகிறேன், கரன்சி தருகிறேன் என்று வருகிறவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. விதிமீறல், கணக்கே முடங்கும்.

நேற்று ராத்திரியும் ஒரு மெசேஜ் வந்தது. லெவல் 68, டூயலிஸ்ட், "ட்ரீ முழுக்க மாத்திரவா?" சி பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மின்னல் ரெசிஸ்டன்ஸ் 11. "இரும்பு மோதிரம் ஒண்ணு வச்சிருக்கியா, நீல ஜெம் ஒண்ணு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றான்.